கம்பு சுற்றுபவரின் மணிக்கட்டு வலி

கேள்வி: சிலம்பப் பயிற்சியில் கால் இடறி, கையை ஊன்றி விழுந்தேன். வீக்கம் அதிகமில்லை, கம்பைப் பிடித்தால் மட்டும் கட்டைவிரலின் அடியில் வலிக்கிறது. எண்ணெய் தேய்த்து நீவிவிட்டுப் பயிற்சியைத் தொடரலாமா?

பதில்: தயவுசெய்து தொடர வேண்டாம், நீவவும் வேண்டாம். கட்டைவிரலை விரித்து நீட்டும்போது அதன் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில் தோன்றும் சிறு குழியை மெல்ல அழுத்திப் பாருங்கள். அங்கே வலித்தால், ஸ்கேஃபாய்டு என்னும் சிறிய எலும்பு முறிந்திருக்கலாம் என்றே கருத வேண்டும். அவ்வெலும்பின் ஒரு பகுதிக்கு இரத்தம் மறுமுனை வழியாகவே வந்து சேர்வதால், முறிவைக் கவனிக்காமல் விட்டால் எலும்பு கூடாமலே போய், மணிக்கட்டு நாளடைவில் தேய்ந்துவிடக்கூடும். முதல் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமல் போவதும் உண்டு. ஆகவே எலும்பு மருத்துவர் கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாட்களில் மீண்டும் படம் எடுக்கச் சொன்னால் தட்டிக்கழிக்காதீர்கள். அவர் அனுமதித்தால், கம்பின்றிக் காலடி வரிசைகளை மட்டும் நிதானமாகப் பழகி வாருங்கள்.