தேர்வு முடிந்தபின் உதிரும் முடி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கல்லூரி விடுதியில் தங்கி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நவம்பரில் செமஸ்டர் தேர்வுக்காகச் சரியாக உண்ணாமல் உறங்காமல் படித்தபோதுகூட உதிராத முடி, கவலையில்லாத இந்தப் பிப்ரவரியில் சீப்பு நிறைய வருகிறது. விடுதியின் உப்புத் தண்ணீர்தான் காரணம் என்கிறார்கள் தோழிகள். நேரமும் செலவும் அதிகம் இல்லாத பராமரிப்பு ஏதேனும் உண்டா?
வாசகி, திருச்சி

பதில்: நீங்கள் குறிப்பிட்டிருக்கும் இரண்டு மாதங்களையும் சேர்த்துப் பார்த்தால் காரணம் ஓரளவு விளங்கிவிடும். கடும் காய்ச்சல், மன அழுத்தம், உணவுக் குறைவு போன்றவற்றால் உடல் தளரும்போது, வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் பல ஒரே சமயத்தில் ஓய்வு நிலைக்குச் சென்று, இரண்டு மூன்று மாதங்கள் கழித்தே உதிர்கின்றன. ஆகவே இப்போது உங்கள் சீப்பில் வருவது பெரும்பாலும் நவம்பர் மாதத்துக் கணக்காக இருக்கலாம். வேர் அழியாததால் இவ்வகை உதிர்வு சில மாதங்களில் தானாகவே குறையும். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது எவருக்கும் இயல்பு.

தண்ணீரின் பங்கை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். உதிர்ந்த முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு முனையில் சிறு வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு வந்தது, இல்லையென்றால் நடுவில் முறிந்தது. உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கி முறியச் செய்யுமே தவிர, வேரைப் பிடுங்காது. வாளியின் உட்புறத்தில் வெள்ளை படியும் அளவுக்கு உப்பு இருந்தால், கடைசியாக ஊற்றும் ஒரு செம்பு மட்டும் குடிநீராக இருக்கட்டும்.

வாரம் இரண்டு முறை தலைக்குக் குளித்தால் போதும். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு தேங்காய் எண்ணெய் தடவுங்கள்; அது முடியிழைக்குள் ஊடுருவி, அலசும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது. பொடுகு இருந்தால் இரவு முழுவதும் எண்ணெயோடு இருக்க வேண்டாம், ஏனெனில் பொடுகுக்குத் துணைபோகும் பூஞ்சைக்கு எண்ணெய்ப் பசைதான் உணவு. சீயக்காய்த் தூளைத் துணியில் சலித்துவிட்டு (சலிக்காத தூளின் திப்பி மாலை வரை தலையில் இருக்கும்) வடிகஞ்சியில் கரைத்துத் தேய்க்கலாம். விடுதிச் சமையல்காரரிடம் கேட்டால் ஒரு செம்புக் கஞ்சி கிடைக்காமலா போகும்? ஈரத்தோடு பின்னலைப் போட்டுக்கொண்டு வகுப்புக்கு ஓடாதீர்கள்.

இவற்றைவிட முக்கியமானது உணவு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. இரும்புச்சத்துக் குறைவு முடி உதிர்வுக்கு ஒரு முக்கியக் காரணம். கீரையும் சுண்டலும் ஒரு நெல்லிக்காயும் சாப்பிடுங்கள். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். ஆறு மாதங்களாகியும் உதிர்வு நிற்காவிட்டால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: காலை 4 மணிக்கு எழுந்து படிப்பதாக அட்டவணை போட்டு ஒட்டினேன், மூன்றாம் நாளே கைவிட்டேன். எனக்கு மன உறுதி இல்லையா?
வாசகர், மதுரை

பதில்: நள்ளிரவு வரை கைபேசி பார்த்துவிட்டு 4 மணிக்கு எழுபவருக்குக் கிடைப்பது நான்கு மணி நேர உறக்கம்; அதைத் தாங்காதது உடலே ஒழிய உறுதியன்று. படித்தது நினைவில் பதிவதே உறக்கத்தில்தான் என்பதால் அந்த அட்டவணை இருமடங்கு நட்டம். முதலில் உறங்கும் நேரத்தை முன்னே கொண்டுவாருங்கள்.

1980-களின் இறுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரம் ஒன்றை வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினார். 25 நிமிடம் ஒரே வேலை, பிறகு 5 நிமிட ஓய்வு என்று அமைந்த அந்த முறை இன்று உலகெங்கும் பழக்கத்தில் இருக்கிறது. அந்த 25 நிமிடமும் கைபேசி அடுத்த அறையில் இருக்கட்டும். முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததை வெற்றுத்தாளில் எழுதிப் பாருங்கள். அடிக்கோடிட்டு நான்கு முறை வாசிப்பதைவிட இது நன்றாக நினைவில் நிற்கும். வண்ண வண்ணமாக அடிக்கோடிடுவது படித்துவிட்டோம் என்ற திருப்தியைத் தருவதோடு சரி.

கேள்வி: எனக்கு வயது 20. நெற்றி ஏறிக்கொண்டே போகிறது, அப்பாவுக்கும் வழுக்கை. சின்ன வெங்காயச் சாறு தடவினால் முடி வளருமா?
வாசகர், சேலம்

பதில்: புழுவெட்டுக்குச் சின்ன வெங்காயம் தேய்ப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். உங்களுடையது பெரும்பாலும் பரம்பரை வழுக்கை. அதற்கு வெங்காயமும் எண்ணெயும் பயன்படா. தொடக்கத்திலேயே தோல் மருத்துவரிடம் சென்றால், இருக்கும் முடியைக் காக்க மருந்துகள் உள்ளன.