பின்கொக்கி வளைந்தால் வெல்டிங் போதுமா?

கேள்வி: ரப்பர் தோட்டத்துச் சேற்றில் புதைந்த வண்டியொன்றை என் ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பால் இழுத்தபோது, பின்கொக்கியைத் தாங்கும் தகடு வளைந்துவிட்டது. அதன்மேல் இன்னொரு தகட்டை வைத்து வெல்டிங் செய்தால் போதுமா?
– வாசகர், குலசேகரம்

பதில்: போதாது. கொக்கி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் இழுவிசை போய்ச் சேருவது வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில்தான். அதன் சுவரோ சில மில்லிமீட்டர் தடிமனே உடையது என்பதால், போல்ட் துளையைச் சுற்றிக் கிழிசல் தொடங்கக்கூடும். வளைந்த தகட்டைத் தட்டி நிமிர்த்தாமல் கழற்றி எறிந்துவிட்டு, சேசிஸின் உட்புறம் அகலமான தாங்குதகடு வைத்து, பெட்டி வடிவச் சட்டமானால் போல்ட் நுழையும் இடத்தில் உள்ளே குழாய்த்துண்டும் செருகி, தலையில் 8.8 அல்லது 10.9 என்று வலிமைத் தரம் பொறித்த போல்ட்டுகளால் முறுக்குங்கள். குழாய் இல்லாவிட்டால், போல்ட்டை இறுக்க இறுக்கச் சட்டம் நசுங்கும்.

சேசிஸில் நேரடி வெல்டிங்கை நான் விரும்புவதில்லை. சூட்டில் பற்றவைத்த இடத்தின் ஓரம் பலமிழக்கலாம், பெயின்ட்டும் கருகிவிடும். இரு பருவமழையும் கடற்காற்றும் உள்ள நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் துருவுக்கு அது போதும். துளைகளின் விளிம்பிலும் துருத்தடுப்புப் பூச்சு அவசியம்.

இடம், வலம் என இரண்டு கொக்கிகள் அமைத்து, இரண்டையும் இணைக்கும் பட்டையிலிருந்து இழுத்தால் சுமை பகிரப்படும். டிரெய்லர் மாட்டும் குண்டில் மட்டும் கயிற்றைக் கட்டாதீர்கள். அந்தக் குண்டு முறிந்தால் தோட்டாவைப் போலப் பாயும்.