கதாநாயகனையே கொன்றுவிட்டால்? – தொடர் ரசிகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: முக்கியமான பாத்திரத்தைத் திடீரென்று சாகடிப்பது 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடங்கிவைத்த பழக்கம்தானே?

பதில்: இல்லை. 1975-லேயே, போர்க்கள மருத்துவமனையில் நடக்கும் 'மாஷ்' என்ற நகைச்சுவைத் தொடரில், அதன் தலைமை மருத்துவர் ஹென்றி பிளேக்கைக் கொன்றார்கள். போர்முனையிலிருந்து வீட்டுக்குக் கிளம்பியவரின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டதாக அறுவைசிகிச்சை அறைக்குச் செய்தி வரும். அந்தக் காட்சிக்கான தாள், படமெடுக்கும் நேரத்தில்தான் பெரும்பாலான நடிகர்களின் கைக்கே வந்தது. சிரிக்க உட்கார்ந்த ரசிகர்கள் கோபமாகக் கடிதம் எழுதினார்கள்.

கேள்வி: அப்படியென்றால் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' நாயகன் நெட் ஸ்டார்க் சாவில் என்ன புதுசு?

பதில்: பிளேக்காக நடித்தவர் தொடரைவிட்டே விலகினார், அதனால் கொன்றார்கள். நெட் அப்படியில்லை, போஸ்டரில் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தவரே அவர்தான். 2011-ல், முதல் சீசனின் ஒன்பதாவது எபிசோடில் தலை போகிறது. கத்தி இறங்கும்வரை யாராவது வந்து காப்பாற்றிவிடுவார்கள் என்றே பார்த்துக்கொண்டிருந்தோம். (தொடருக்கு மூலமான நாவலைப் படித்திருந்த நண்பர்கள் அதுவரை வாயைத் திறக்காமல் இருந்தது இன்னும் பெரிய ஆச்சரியம்.) 'பெரிய நடிகர், சாகமாட்டார்' என்ற கணக்கு அன்றோடு போயிற்று. அதைவிட முக்கியம், அந்தச் சாவுக்குப் பின்விளைவு இருந்தது. மகன் போருக்குக் கிளம்பினான். 2013-ல் அந்த மகனும் கொல்லப்பட்ட ரத்தக்களரித் திருமணம்வரை அது இழுத்துக்கொண்டு போனது.

கேள்வி: இப்போதெல்லாம் யார் செத்தாலும் எனக்கு ஒன்றுமே தோன்றுவதில்லை. என்னிடம்தான் கோளாறா?

பதில்: இல்லை, நீங்கள் உஷாராகிவிட்டீர்கள். ஓரத்தில் நின்றவருக்குத் திடீரென்று நீண்ட வசனமும் சின்ன வயசு நினைவுகளும் கொடுத்தால், 'சரி, இவர் கிளம்பப்போகிறார்' என்று முடிவுகட்டிவிடுகிறோம். அப்புறம் எங்கே அழுவது?

கேள்வி: செத்தவரைத் திரும்பக் கொண்டுவந்தால்?

பதில்: 'டல்லஸ்' தொடரில் 1985-ல் செத்த பாபி யூயிங், 1986-ல் குளித்துக்கொண்டிருந்தார். நடுவில் வந்த ஒரு சீசன் முழுக்கக் கனவாம்! 'வாக்கிங் டெட்' என்ற ஜாம்பி தொடர் செய்தது இன்னும் மோசம். 2015-ல் கிளென் என்ற முக்கியப் பாத்திரம் செத்ததுபோல் காட்டிவிட்டு, சில வாரம் கழித்துக் குப்பைத்தொட்டிக்கு அடியிலிருந்து உயிரோடு எடுத்தார்கள். அடுத்த ஆண்டு, வில்லனின் அடி யார்மேல் விழுந்தது என்று காட்டாமல் சீசனை முடித்து, ஆறு மாதம் காக்கவைத்து, அதே கிளெனைக் கொன்றார்கள். அவரைக் கொன்ற அந்தப் புதுச் சீசனிலேயே பார்வையாளர்கள் குறைந்தார்கள். ரத்தம் அதிகம் என்று பலர் காரணம் சொன்னார்கள். என்னைக் கேட்டால், ஏமாற்றியதுதான் காரணம்.

கேள்வி: யாரையும் கொல்லாமலே பதறவைக்க முடியாதா?

பதில்: தாராளமாக முடியும். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' வீரன் ஜேமி லானிஸ்டருக்கு வாள் பிடித்த கை போனது, திரும்ப வரவேயில்லை. அதற்குப் பிறகு அவர் இடது கையில் வாளை எடுத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.