நாமக்கல் லாரி கம்பெனியில் டிரைவராகச் சேரலாமா? பிடிக்காவிட்டால் எப்படி வெளியே வருவது?

கேள்வி கேட்டவருக்கு வயது 21. ஐ.டி.ஐ. முடித்திருக்கிறார், கார் லைசென்ஸ் இருக்கிறது. நாமக்கல் பக்கம் ஏதாவது ஒரு டிரான்ஸ்போர்ட்டில் சேர நினைக்கிறார். எப்படிப் பழக்குவார்கள், ஒத்துவரவில்லை என்றால் சிக்கல் இல்லாமல் விலக முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

சேரலாம் தம்பி, நல்ல தொழில்தான். ஆனால் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், "ட்ரிப் கணக்கை எப்பங்க முடிப்பீங்க?" என்று கேளுங்கள். ஒரு ஓட்டத்துக்கு வாங்கிய பணம், செய்த செலவு, உங்களுக்குச் சேர வேண்டியது எல்லாவற்றையும் நேர்செய்வதுதான் ட்ரிப் கணக்கு. வண்டி திரும்பி வந்த ஓரிரு நாளில் உட்கார்ந்து கணக்குப் பார்த்து, மிச்சத்தைக் கையில் கொடுத்து, நோட்டில் கையெழுத்து வாங்குகிற கம்பெனி என்றால் தைரியமாகச் சேருங்கள். "அது பாட்டுக்கு ஓடிட்டிருக்கும், வருசக் கடைசில பாத்துக்கலாம்" என்று பதில் வந்தால் எவ்வளவு பெரிய கம்பெனியாக இருந்தாலும் வேண்டாம். நீங்கள் வண்டியை எப்படி ஓட்டுவீர்கள், எவ்வளவு தூங்குவீர்கள், என்றைக்கு வெளியே வர முடியும் என்பதெல்லாம் அந்தக் கணக்கைப் பொறுத்துத்தான் இருக்கும். நான் கிளீனராக ஏறி, செகண்ட் டிரைவராகி, பிறகு வடநாட்டு லைனில் தனியாக ஓட்டி, அந்தக் கம்பெனியை விட்டு வந்து இப்போது கேஸ் டேங்கர் ஓட்டுகிறேன். இதைப் பட்டறிந்துதான் சொல்கிறேன்.

முதலில் லைசென்ஸ். கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தால் ஹெவிக்கு, அதாவது லாரி மாதிரி கனரக வண்டி லைசென்ஸுக்கு, எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) போடலாம். டிரான்ஸ்போர்ட் வண்டிக்குக் குறைந்தபட்ச வயது 20, அதைத் தாண்டிவிட்டீர்கள். எட்டாவது தேறியிருக்க வேண்டும் என்ற விதியை 2019-லேயே எடுத்துவிட்டார்கள். டிரைவிங் ஸ்கூலில் பயிற்சி முடித்ததற்கான படிவம் 5 சான்று கட்டாயம் வேண்டும். ஹெவி கைக்கு வரும் வரை சும்மா இருக்காதீர்கள். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டியைக் கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. முட்டை, காய்கறி ஏற்றுகிற சின்ன வண்டிகள் நிறைய இதற்குள் வந்துவிடும். அதில் கொஞ்ச காலம் ஓட்டினால் லோடு ஏறிய வண்டி பிரேக் போட்டதும் எவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு போகும் என்பது உடம்புக்குத் தெரிந்துவிடும். அசோக் லேலண்டின் டிரைவர் பயிற்சி நிலையம் நாமக்கல்லிலேயே இருக்கிறது. வசதிப்பட்டால் அங்கேயும் போய்ப் படியுங்கள்.

அப்புறம் பழகுவது. கம்பெனிகளில் பயிற்சி என்று தனியாக வகுப்பு எதுவும் கிடையாது. ஒரு மூத்த டிரைவரோடு வண்டியில் ஏற்றி அனுப்புவார்கள், அவ்வளவுதான். முன்பெல்லாம் கிளீனராக இருந்து கண் பார்த்தே கற்றுக்கொள்வார்கள். இப்போது கூலி கட்டுப்படியாகவில்லை என்று நிறைய வண்டிகள் கிளீனரே இல்லாமல் ஒற்றை டிரைவரோடு ஓடுகின்றன. அதனால் புதிதாக வருகிறவனுக்குப் பழக இடம் குறைந்துவிட்டது. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. ஹெவி லைசென்ஸை மட்டும் பார்த்துவிட்டுப் பன்னிரண்டு சக்கர வண்டியின் சாவியைக் கொடுத்து அனுப்புகிற இடமும் இருக்கிறது. அப்படிக் கொடுத்தால் வாங்காதீர்கள். "எந்த அண்ணன்கூட அனுப்புவீங்க?" என்று கேளுங்கள். பெயர் சொல்கிறார்களா, அந்த ஆள் அதே கம்பெனியில் எத்தனை வருடமாக இருக்கிறார் என்று பாருங்கள். பழைய டிரைவர்கள் நிலைத்து நிற்கிற கம்பெனியில் கணக்கும் ஒழுங்காகத்தான் இருக்கும்.

எனக்கு வாய்த்த அண்ணன் ஆரம்பத்தில் ஸ்டியரிங் பக்கமே விடவில்லை. விடிகாலையில் எழுந்ததும் ஏர் டேங்கில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். ஆயில், கூலன்ட் பார்க்க வேண்டும். பிறகு இரும்பு லிவரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டே வண்டியை ஒரு சுற்று வர வேண்டும். காற்று சரியாக இருக்கிற டயரில் லிவர் 'டங்' என்று எகிறும். காற்று இறங்கியதில் 'தொப்' என்று அமுங்கும். பின்னால் ஜோடி டயரில் உள்பக்கம் இருப்பது கண்ணுக்குத் தெரியாது, வெளி டயர் தாங்கிக்கொண்டிருப்பதால் வண்டி நேராகத்தான் நிற்கும். அப்படியே எடுத்துக்கொண்டு போனால் இரண்டு டயர் பாரத்தையும் ஒரே டயர் சுமந்து, சூடேறி, நடு ரோட்டில் வெடிக்கும். "கண்ணு சொல்றத நம்பாத, காது சொல்றத நம்பு" என்பார். நான் தட்டி முடித்த பிறகு அவர் ஒருமுறை தட்டிப் பார்ப்பார்.

தார்ப்பாய் கட்டுவதும் அப்படித்தான். சேலத்தில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரா போனால் ஒரு மூட்டை நனைந்தாலும் இறக்குகிற இடத்தில் வாடகையில் பிடிப்பார்கள். முன்பக்கத் தார்ப்பாய் மேலே, பின்பக்கத் தார்ப்பாய் அதன் அடியில் வருகிற மாதிரி மடிக்க வேண்டும். மாற்றிப் போட்டால் வண்டி ஓடுகிற வேகத்தில் மழை நேராக உள்ளே போகும். கயிறு கட்டி ஐம்பது, அறுபது கிலோமீட்டர் போனதும் நிறுத்தி மறுபடியும் இழுத்துக் கட்ட வேண்டும். மூட்டை அமுங்கிக் கயிறு தளர்ந்திருக்கும்.

ஸ்டியரிங் கொடுத்தபோது முதலில் காலி வண்டி, பகலில், நாலு வழிச் சாலையில். பிறகு லோடு வண்டி. ராத்திரி ஓட்டக் கொடுத்தது எல்லாம் பழகிய பிறகுதான். மலை இறக்கத்துக்குத் தொப்பூரில் பழக்கினார். தர்மபுரியிலிருந்து சேலம் வருகிறவர்களுக்கு அந்தக் கணவாய் தெரியும். அங்கே எத்தனை வண்டிகள் மோதிக் கிடந்து செய்தியில் வந்திருக்கின்றன! "ஏறுனா எந்தக் கியரோ, எறங்கவும் அதே கியரு. எக்ஸாஸ்ட் பிரேக்கப் போடு, கால் பிரேக்க அமுக்கிட்டே வராத" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். எக்ஸாஸ்ட் பிரேக் என்பது இன்ஜின் புகை வெளியேறுவதை அடைத்து, இன்ஜினைக் கொண்டே வேகத்தைக் குறைப்பது. பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும் என்பது அவர் கணக்கு. நியூட்ரலில் இறக்கினால் இன்ஜின் பிடிமானம் போய்விடும், மொத்தப் பாரத்தையும் பிரேக் டிரம்தான் தாங்க வேண்டும். சூடேறிய பிறகு எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. டீசல் மிச்சமாகும் என்பதும் இப்போதைய வண்டிக்குப் பொருந்தாது. புது எலக்ட்ரானிக் இன்ஜின்கள் கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்கு டீசல் குடிக்கும்.

இது தெரிந்தும் ஏன் நியூட்ரலில் இறக்குகிறார்கள்? இங்கேதான் கணக்கு வருகிறது. சில கம்பெனிகளில் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஒரு அளவு வைத்து, குறைந்தால் டிரைவர் பத்தாவில், அதாவது படிப் பணத்தில், பிடிப்பார்கள். மலை ரூட்டா, ஓவர் லோடா, டிராபிக்கில் நின்றதா என்று பார்ப்பதில்லை. பழைய வண்டியில் நியூட்ரல் போட்டு மிச்சம் பிடித்துப் பழகிய ஆள், புது வண்டியிலும் பயத்தில் அதையே செய்கிறான். டயர் வெடித்தால் பிடித்தம் என்கிற கம்பெனியில் டிரைவர் டயர் போனதை மறைக்கப் பார்ப்பான். இன்ன நேரத்துக்குள் போய்ச் சேராவிட்டால் பத்தா குறையும் என்றால் தூக்கத்தைக் குறைப்பான். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை என்று 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். ரோட்டில் அதை யார் பார்த்தார்கள்? அதனால்தான் சேரும்போதே எதற்கெல்லாம் பிடிப்பீர்கள் என்று கேட்டு எழுதி வாங்கச் சொல்கிறேன்.

சம்பளம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சில இடத்தில் மாதச் சம்பளமும் பத்தாவும், சில இடத்தில் வாடகையில் நூற்றுக்கு இவ்வளவு, சில இடத்தில் கிலோமீட்டருக்கு இவ்வளவு. எதுவாக இருந்தாலும் உங்களுக்கென்று ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது எவ்வளவு வாங்கினீர்கள், கிலோமீட்டர் எவ்வளவு காட்டியது, எங்கே எத்தனை லிட்டர் டீசல் போட்டீர்கள், ஏற்றுகூலி, இறக்குகூலி, மாமூல், பஞ்சர் எல்லாம் அன்றன்றைக்கு எழுத வேண்டும். டோல் பாஸ்டேக்கில் போய்விடுவதால் அந்தத் தலைவலி மட்டும் குறைந்திருக்கிறது. இ-வே பில்லில் (சரக்கு கொண்டுபோவதற்கான ஜி.எஸ்.டி. இணையச் சீட்டு) அது எந்தத் தேதி வரை செல்லும் என்று கட்டாயம் பாருங்கள். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்றுதான் கணக்கு. நாக்பூர் பக்கம் வண்டி பிரேக் டவுன் ஆகி நின்றால் உடனே ஆபீசுக்குப் போன் போட வேண்டும். காலம் முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்போ, முடிந்து எட்டு மணி நேரத்துக்குள்ளோதான் நீட்டிக்க முடியும். போன் போட்ட நேரத்தையும் நோட்டில் எழுதுங்கள். இல்லையென்றால் அபராதம் யார் தலையில் என்று பிறகு பேச்சு வரும்.

அட்வான்ஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தங்கச்சி கல்யாணம், வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு என்று கேட்டால் பெரும்பாலான ஓனர்கள் மனசார எடுத்துக் கொடுப்பார்கள். அந்த உதவியை நான் குறைத்துப் பேச மாட்டேன், எங்கள் வீட்டுக்கே கிடைத்திருக்கிறது. ஆனால் அந்தத் தொகையை ட்ரிப் கணக்கோடு கலக்க விடாதீர்கள். தனித் தாளில் எழுதி, மாதம் இவ்வளவு கழிப்பது என்று பேசிக்கொள்ளுங்கள். கலந்துவிட்டால் பாக்கி எவ்வளவு என்று ஆபீசில் சொல்வதுதான் கணக்கு. பாக்கி இருக்கிறவரை விலகுகிற பேச்சையே எடுக்க முடியாது. அதேபோல ஒரிஜினல் லைசென்ஸை ஆபீசில் கொடுத்து வைக்காதீர்கள். நகல் போதும். டிஜிலாக்கரில் இருப்பதே செல்லும் என்பதால் ஒரிஜினல் எதற்கு என்று மரியாதையாகக் கேட்கலாம்.

நான் விலகிய கதை சின்னது. கம்பெனி பெயர் வேண்டாம். ஆரம்பத்தில் ட்ரிப்புக்கு ட்ரிப் கணக்கு முடித்துக்கொண்டிருந்தவர்கள், வண்டிகள் பெருகியதும் மேனேஜர் மாறி மைலேஜ் பிடித்தம் கொண்டுவந்தார்கள், கணக்கு மாதக்கணக்கில் தள்ளிப்போனது. என்னைப் பழக்கிய அண்ணனே வேலையை விட்டார். அப்போதே எனக்கும் மனது விட்டுப்போனது. கேஸ் டேங்கரில் இடம் இருக்கிறது என்று தெரிந்ததும் அபாயகரமான சரக்குக்கான மூன்று நாள் பயிற்சி முடித்து லைசென்ஸில் பதிந்துகொண்டேன். அதன் பிறகுதான் விலகுகிறேன் என்று சொன்னேன்.

விலகுவதற்கு ஒரு முறை இருக்கிறது. வண்டி வெளியூரில் நிற்கும்போது, என்ன கோபம் இருந்தாலும், சாவியைப் பங்கில் கொடுத்துவிட்டு பஸ் ஏறாதீர்கள். லோடு காணாமல் போனால் போலீஸ் உங்களைத்தான் தேடும். நாமக்கல் வந்து, லோடு இறக்கி, காலி வண்டியை ஷெட்டில் நிறுத்திய பிறகு சொல்லுங்கள். கூட ஒரு ஆளை வைத்துக்கொண்டு ஸ்டெப்னி, ஜாக்கி, லிவர், தார்ப்பாய், கயிறு, ஆர்.சி., பர்மிட், இன்சூரன்ஸ் எல்லாம் எண்ணி ஒப்படைத்து கையெழுத்து வாங்குங்கள். கிலோமீட்டரையும் டயர்களையும் போட்டோ எடுங்கள். வண்டி நம்பரைப் போட்டு இ-சலான் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள். அபராதம் பிறகு வந்து சேரும்போது அன்று யார் ஓட்டினார்கள் என்று யாரும் நினைவு வைத்திருக்க மாட்டார்கள். பி.எப். பிடித்திருந்தால் விலகிய தேதியைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அவர்கள் செய்யாவிட்டால் கடைசித் தொகை கட்டி இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் பதியலாம். தொடர்ந்து ஐந்து வருடம் வேலை பார்த்திருந்தால் கிராஜுட்டி (பணிக்கொடை) கேட்க உரிமை உண்டு. டிரைவருக்கு அதெல்லாம் கிடையாது என்று சொன்னால் நம்பாதீர்கள்.

எனக்குக் கடைசிக் கணக்கில் இரண்டு டயருக்குப் பிடிக்கிறோம் என்றார்கள். என் நோட்டில் அந்த டயர்கள் எப்போது ரீட்ரெட் (தேய்ந்த டயருக்கு மேல் புது ரப்பர்) போட்டவை, வெடித்தபோது எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தன, அன்றைக்கு ஆபீசில் யாரிடம் போனில் சொன்னேன் என்பதெல்லாம் இருந்தது. இரு தரப்புக்கும் வேண்டிய பெரியவர் ஒருவர் முன்னால் அந்த நோட்டையும் ஆபீஸ் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பிடித்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சண்டை எதுவும் இல்லை. இன்றைக்கும் அந்த ஷெட்டுக்குப் போனால் டீ சொல்லித்தான் அனுப்புவார்கள்.

உங்களுக்கு என் யோசனை: ஹெவி எடுத்த கையோடு நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி மூன்று ஊரிலும் நேரில் போய் விசாரியுங்கள். ஆபீசுக்குள் போவதற்கு முன்னால் அந்தக் கம்பெனி வண்டி நிற்கிற டீக்கடையில் உட்கார்ந்து டிரைவர்களிடம் கணக்கு எப்படி என்று கேளுங்கள், ஒளிக்காமல் சொல்வார்கள். முதல் வருடம் தமிழ்நாடு, கர்நாடகா, ஆந்திரா லைன் போதும். இந்தி கொஞ்சம் பேச வந்த பிறகு வடக்கே போகலாம்.