சேவைத் தொழில் நடத்துவோர் வாடிக்கையாளரின் வெற்றிக் கதையை மிகைப்படுத்தாமல் விளம்பரத்தில் எப்படிச் சொல்வது?

கோத்தகிரியில் 14 ஆண்டுகளாக, வீடுகளின் ஓதத்தையும் கூரைக் கசிவையும் சரிசெய்து கொடுக்கும் சிறு தொழில் நடத்துகிறேன். விளம்பரம் என்று என்னிடம் இருப்பதெல்லாம் வேலை முடித்த வீடுகளின் கதைகள்தாம் என்பதால், என் அனுபவத்திலிருந்தே பதில் சொல்கிறேன். செய்த வேலையைச் சோதிக்கும் காலம் கடந்து போவதற்கு முன் அதை வெற்றி என்று எழுதக் கூடாது என்பதே நான் தாமதமாகக் கற்றுக்கொண்டது.

முதல் சில ஆண்டுகளில் எல்லோரையும் போல ‘முன்பு, பின்பு’ படங்களைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பிப்ரவரியில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டில் பின்சுவரின் பழைய பூச்சை முழுவதும் கொத்தி எடுத்து, நீர்புகாக் கலவை சேர்த்துப் புதிதாகப் பூசி வெள்ளையடித்தோம். உப்புப் பூத்துப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்த சுவர் பளிச்சென்று ஆகிவிட்டது. அன்று மாலையே படம் எடுத்து, அவர் சொன்னதாக நானே நான்கு வரிகள் எழுதி, அவரிடம் வாசித்துக் காட்டினேன். ‘மிகச் சிறந்த சேவை, குறித்த நேரத்தில் முடித்தார்கள், முழு மனநிறைவு’ என்றெல்லாம் அதில் இருந்தது.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “என்ன தம்பி, கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு? நான் எப்போ இப்படிப் பேசினேன்?” என்று கேட்டார்.

“சரிங்க டீச்சர், நீங்களே சொல்லுங்க. அப்படியே போட்டுடறேன்.”

“இப்போ என்னத்தைச் சொல்றது? வெயில் காலத்துல எந்தச் சுவர் ஈரமா இருக்கும்? ஐப்பசி, கார்த்திகை போகட்டும், அப்புறம் வந்து கேளு.”

சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். வந்தவன், அவர் பெயரில் எழுதிய வரிகளை மட்டும் நீக்கிவிட்டுப் படங்களைப் போட்டுவிட்டேன். அந்த நவம்பரில் மூன்று நாள் விடாமல் பெய்த மழையில் அதே சுவரில் இரண்டடி உயரத்துக்கு ஈரம் ஏறியது. காரணம் சுவரில் இல்லை. மலைச்சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளில், பின்சுவருக்கும் மண்திட்டைத் தாங்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவே ஒரு சந்து இருக்கும். அதில் ஓடும் வடிகால் சில்வர் ஓக் சருகும் மண்ணும் சேர்ந்து தூர்ந்துபோய், தண்ணீர் போக வழியில்லாமல் சுவரோடு சாய்ந்து தேங்கிக் கிடந்திருக்கிறது. அதைப் பார்க்காமல் பூச்சை மட்டும் மாற்றியது என் தவறு. வடிகாலை வெட்டி, தண்ணீர் ஓடும்படி வாட்டம் (சரிவு) கொடுத்து, தடுப்புச் சுவரில் அடைபட்டிருந்த துளைகளையும் திறந்துவிட்டோம். அதற்குக் காசு வாங்கவில்லை. வாங்கியிருந்தால் இதை இங்கே எழுதும் துணிவு இருந்திருக்காது.

அடுத்த ஆண்டு மழை முடிந்து, தைப் பொங்கலுக்குப் பிறகு அவரே அழைத்தார். “பீரோவைத் திறந்தா அந்தப் பூஞ்சை வாடை இல்ல தம்பி. வாரத்துக்கு ரெண்டு தடவை கம்பளியை எடுத்து வெயில்ல போடுவேன், இப்போ அந்த வேலையே இல்ல. ஆனா வடக்கு மூலையில லேசா ஈரம் தெரியுது. அதையும் சேர்த்து எழுது” என்றார். அப்படியே எழுதினேன். முதலில் எதைத் தவறவிட்டேன், எந்த மழைக்குப் பிறகு சரியானது, மொத்தம் எத்தனை நாள் வேலை, எவ்வளவு செலவு, இன்னும் எது மிச்சம் என்பதையும் சேர்த்தேன். அதனால் அழைப்புகள் பெருகின என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது அழைப்பவர்கள் “பின்பக்க வடிகாலையும் பார்ப்பீர்களா?” என்று முதலிலேயே கேட்கிறார்கள், பூச்சு மட்டும் மலிவாக முடிய வேண்டும் என்பவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறார்கள். இரண்டும் எனக்கு நல்லதுதான்.

மழையையும் மாதத்தையும் நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நீலகிரியின் மேற்குப் பக்கத்தில் உள்ள கூடலூர், தேவாலா, அவலாஞ்சிப் பகுதிகளுக்குத் தென்மேற்குப் பருவமழைதான் பெருமழை; கிழக்குச் சரிவில் இருக்கும் கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் வடகிழக்குப் பருவமழையே உண்மையான சோதனை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. 2009-இல் கேத்தி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மண் சரிந்தது நவம்பரில். ஆகஸ்டு முடிந்ததும் எடுத்த கோத்தகிரி வீட்டின் படத்தை ‘மழையைத் தாங்கிய சுவர்’ என்று போட்டால், அதில் ஒரு சொல்கூடப் பொய் இருக்காது. ஆனாலும் அதைப் பார்த்து என்னை அழைக்கும் தேவாலாக்காரர் ஏமாந்துதான் போவார். உங்கள் தொழிலுக்கும் இப்படி ஒரு பருவம் இருக்கும். கணக்கு எழுதிக் கொடுப்பவருக்கு அது வரித்துறையின் நோட்டீஸ் வரக்கூடிய காலம். டியூஷன் நடத்துபவருக்கு மாணவர் அடுத்த வகுப்பில் தனியாகச் சமாளிக்கும் ஆண்டு.

வாடிக்கையாளரிடம் “திருப்தியா?” என்று கேட்டால் “நல்லா இருக்கு” என்ற பதில்தான் வரும், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. முன்பு தினமும் செய்துகொண்டிருந்த எந்த வேலையை இப்போது செய்வதில்லை என்று கேளுங்கள். கம்பளியும் பீரோவும் அப்படித்தான் வெளியே வரும். பேச்சு வழக்கைத் திருத்தாதீர்கள்.

அனுமதி விஷயத்தில் சிறிய ஊர்களுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று நினைப்போம். ‘தேவாலயத்துக்குப் பக்கத்து வீடு, ஓய்வுபெற்றவர்’ என்று எழுதினாலே இங்கே பாதி ஊருக்கு ஆள் தெரிந்துவிடும். மேலும், இங்குள்ள பல வீடுகளின் உரிமையாளர்கள் கோவையிலோ சென்னையிலோ இருப்பார்கள், வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும்; அடையாளம் தெரியும்படி படம் போடுவது திருடனுக்கு வழி சொல்வது போல. அதனால் வாசலையும் தெருவையும் படத்தில் சேர்ப்பதில்லை. கைப்பேசி படத்தோடு சேமிக்கும் இருப்பிடக் குறிப்பை நீக்கிவிட்டுத்தான் பதிவேற்றுகிறேன். எங்கே, எந்தப் படத்தோடு வெளியாகும் என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்குகிறேன். 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒப்புதல் குறிப்பானதாக இருக்க வேண்டும், கொடுத்தது போலவே எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது. டீச்சரிடம் கேட்டுவிட்டுத்தான் இந்தப் பதிலையும் எழுதுகிறேன். ஊர்ப் பெயரை மட்டும் விட்டுவிடச் சொன்னார்.

நல்ல வார்த்தை எழுதினால் 500 ரூபாய் தள்ளுபடி என்று ஓர் ஆண்டு கொடுத்துப் பார்த்தேன். வந்தவை எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வெளியிட்ட விளம்பர வழிகாட்டு நெறிமுறைகளின்படி, பரிந்துரை என்பது அதைச் சொல்பவரின் உண்மையான கருத்தாக இருக்க வேண்டும், நம்பகத்தன்மையைப் பாதிக்கக்கூடிய தொடர்பு இருந்தால் அதை வெளிப்படுத்தவும் வேண்டும். தள்ளுபடியைச் சொல்லிவிட்டுப் போட்டால் யாரும் நம்பப் போவதில்லை, சொல்லாமல் போடுவது முறையில்லை என்று தோன்றியதால் அந்த வழக்கத்தையே விட்டுவிட்டேன்.

இந்த ஆண்டு மாசிக்கும் சித்திரைக்கும் இடையில் முடித்த நான்கு வீடுகளின் படங்கள் என் கைப்பேசியில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் தகரக் கூரை மிக அழகாக வந்திருக்கிறது. போட்டுவிடலாம் என்று பையன்கள் தினமும் கேட்கிறார்கள். கார்த்திகை முடியட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.