கடகடவென்று வாசிக்கிறாள், பொருள் கேட்டால் விழிக்கிறாள்: என்ன செய்வது?

இந்தி பேசும் வீட்டுப் பிள்ளை தமிழ்ப் பாடத்தைத் தடங்கலில்லாமல் வாசித்தும் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். திருப்பூரில், பனியன் கம்பெனித் தொழிலாளர் பிள்ளைகள் நிறையப் படிக்கும் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். பீகாரிலிருந்து வந்த ஒரு சிறுமியை இப்படித்தான் 'நன்றாக வாசிக்கிறாள்' என்று பதிவேட்டில் எழுதி, அரையாண்டு வரை கவனிக்காமல் விட்டேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

'அண்ணன் மீன் பிடித்துக்கொண்டிருந்தான்' என்று வாசித்தாள். அண்ணன் என்ன செய்தான் என்றேன். பதில் இல்லை. புத்தகத்தை மூடிவிட்டு, 'அண்ணன் மீன் புடிச்சிட்டு இருந்தான்' என்றேன். உடனே, 'மீன் புடிச்சான் டீச்சர்' என்றாள்.

நீங்களும் முதலில் இதைச் செய்து பாருங்கள். பேச்சில் சொன்னால் புரிகிறதென்றால், தடை புத்தகத் தமிழ்தான். பேச்சிலும் புரியவில்லையென்றால் மொழியே இன்னும் வரவில்லை. அதே பத்தியைப் பத்து முறை வாசிக்க வைத்துப் பயனில்லை. வாசிப்பு ஆய்வாளர்கள் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் இருவரும் 1986-இல் வாசிப்பை ஒரு பெருக்கலாகச் சொன்னார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறனை மொழிப் புரிதலால் பெருக்க வேண்டும். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்.

உச்சரிப்புக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். 'பழம்' என்பதைப் 'பளம்' என்று வாசித்துவிட்டுப் படத்தில் பழத்தைத் தொட்டால் அவள் சரியாகவே வாசித்திருக்கிறாள். நம் ஊர்ப் பிள்ளைகளே பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் 'கொடு', 'கோடு' இரண்டையும் ஒன்றுபோல வாசித்தால் அங்கே நில்லுங்கள். எ, ஒ என்ற குறில்களுக்கு இந்தியில் தனி எழுத்து கிடையாது. இந்த இரண்டிலும் குறிலையும் நெடிலையும் பிரித்துக் கேட்க அவள் காது பழகவில்லை. பெட்டி-பேட்டி, தொடு-தோடு என்று ஜோடியாகச் சொல்லி, எது எந்தப் படம் என்று காட்டச் சொல்லுங்கள். எழுத்து அப்புறம். இந்தி வாசிக்கத் தெரிந்தவளென்றால் நம் ஒற்றைக்கொம்பு அவளைக் குழப்பாது; இந்தியிலும் இகரக் குறி மெய்க்கு இடப்பக்கம்தான் வரும். துணைக்காலை 'ர' என்று வாசிப்பதுதான் அடிக்கடி நடக்கும்.

கற்பிக்க எனக்குக் கைகொடுத்தது அந்தப் பீகார்ச் சிறுமியின் வாய்ச்சொல்தான். 'அம்மா கம்பெனிக்குப் போயிட்டாங்க' என்றாள். அப்படியே எழுதிக் கொடுத்து வாசிக்க வைத்தேன். மறுநாள் அதன் கீழே 'போய்விட்டார்கள்' என்று எழுதினேன். இரண்டையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, 'ரெண்டும் ஒண்ணுதானா டீச்சர்?' என்று கேட்டாள். அவள் கற்றுக்கொண்டிருந்தது ஒரு தமிழ் அல்ல, இரண்டு என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. இப்போதெல்லாம் புதிதாக வரும் பிள்ளையிடம் புத்தகத்தை நீட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் பேச்சுக் கொடுக்கிறேன்.