வீட்டுப் பழுதுபார்ப்பில் நச்சு குறைந்த பொருள்கள்: கேள்வி பதில்

(கேட்டவர்கள் மலேசிய வாசகர்கள்; பெயருக்குப் பதில் அவரவர் ஊர்.)

செந்தூல்: அண்ணே, பிள்ளை அறைக்குச் சாயம் அடிக்கப் போறோம். கடையில எல்லா டின்னுலயும் பச்சை இலை படம் போட்டிருக்கு. எதை நம்புறது?

இலையை விடுங்கள். லிட்டருக்கு எத்தனை கிராம் விஓசி (ஆவியாகிக் காற்றில் கலக்கும் கரிமச் சேர்மங்கள்) என்று பாருங்கள். டின்னில் இல்லாவிட்டால் அந்தச் சாயத்தின் தொழில்நுட்பத் தாளைக் கடையில் கேட்டு வாங்குங்கள். ஐரோப்பாவில் உள்சுவர் மேட் சாயத்துக்கு 2010 முதல் உச்ச வரம்பு 30 கிராம்; அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். அந்த எண் பெரும்பாலும் கலர் கலக்காத பேஸுக்குரியது. மெஷினில் சேர்க்கும் கலர் பேஸ்ட்டிலும் கரைப்பான் இருக்கலாம். நிறம் அடர்த்தியாக ஆகப் பேஸ்ட் கூடும். ஆகவே வெளிர் நிறம். வாடை இல்லாத சாயமெல்லாம் விஓசி இல்லாத சாயம் ஆகிவிடாது.

பழைய சாயத்தை மட்டும் காய்ந்தபடி மணல்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பழைய கதவு, ஜன்னல் கிரில்லின் எனாமலில் ஈயம் இருக்கலாம், அதிலும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பில். தண்ணீர் தெளித்துச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். கர்ப்பிணிகள் இந்த வேலைப் பக்கமே வரவேண்டாம்.

செராஸ்: புது கிச்சன் கேபினெட் போட்டு ஒரு மாசம் ஆச்சு. ஈ-ஜீரோ பலகைன்னு சொன்னாங்க. கதவைத் திறந்தா இன்னும் கண்ணு எரியுது.

பெட்டிக்கு ஈ-ஜீரோ (ஃபார்மால்டிஹைட் வாயுவைக் குறைவாக விடும் தரம்) போட்டிருப்பார்கள். முதுகுப் பலகை, டிராயர் அடிப்பலகை என்ன தரம் என்று கேட்டீர்களா? பெரும்பாலும் அங்கேதான் மலிவுச் சரக்கு ஒளிந்திருக்கும். சிப்போர்டு (மரச்சில்லுப் பலகை), எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) இரண்டையும் ஒட்டவைப்பது பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைட் பசை. சூடும் ஈரப்பதமும் சேர்ந்தால் அது சிதைந்து வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். நம் ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. ஆகவே ஒரு மாதத்தில் ஓயாது.

இப்போது செய்ய வேண்டியது: டிராயர்களைக் கழற்றுங்கள். மெலமைன் ஒட்டாத வெட்டு விளிம்பு, ஹிஞ்ச் துளை, பைப் நுழையும் ஓட்டை, சிங்க் அடிப்பாகம், அடுப்புக்கு மேல் பலகையின் முதுகு எல்லாவற்றையும் தேடுங்கள். நீர் அடிப்படையிலான பாலியூரித்தேன் வார்னிஷ் இரண்டு கோட், ஒவ்வொரு கோட்டும் நன்றாகக் காய்ந்த பிறகு. நேரான விளிம்புக்கு எட்ஜ் பேண்டிங் (ஒட்டும் விளிம்புப் பட்டை). பிறகு கதவுகளைத் திறந்துபோட்டு, ஃபேன் காற்று ஜன்னல் வழியாக வெளியே போகும்படி வையுங்கள்.

எரிச்சலோடு தின்னர் போன்ற வாடையும் இருந்தால் அது காண்டாக்ட் பசையில் உள்ள டொலுயீன் என்ற கரைப்பானாக இருக்கலாம். அது சீக்கிரம் போய்விடும். அடுத்த முறை கொட்டேஷனிலேயே ஒவ்வொரு பலகையின் தரத்தையும் எழுதி வாங்குங்கள். ஜப்பானிய நான்கு நட்சத்திர முத்திரை இருந்தால் சோதனையில் ஃபார்மால்டிஹைட்டின் சராசரி அளவு லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்குள். பலகையே வேண்டாம் என்றால் அலுமினியம் கேபினெட், கரையானும் தொடாது.

கெப்போங்: புகைமூட்ட நேரத்துல சாயம் அடிக்கலாமா?

ஜன்னல் திறக்க முடியாத நாளில் வேண்டாம். தள்ளிப்போடுங்கள்.

பட்டர்வொர்த்: பழைய தாமான் வீடு, சாம்பல் நிற சிமெண்டு அட்டை சீலிங். உடைச்சுட்டு ஜிப்சம் போடலாமா?

உடைக்காதீர்கள், துளையும் போடாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் (நுரையீரலைக் கெடுக்கும் கல்நார்) இருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. ஆய்வகச் சோதனை வேண்டும். அதுவரை விரிசல் இல்லாத அட்டையை அப்படியே விட்டு, மேலே சாயம் அடித்து வைப்பதே பாதுகாப்பு. ஆஸ்பெஸ்டாஸ் தூளும் நாரும் மலேசியச் சட்டப்படி எஸ்டபிள்யூ 201 என்ற அபாயக் கழிவு வகை. குப்பைத் தொட்டியில் போட முடியாது. கழற்றும் வேலை பழகிய நிறுவனத்துக்குரியது. அறுவை சிகிச்சை மாஸ்க் இந்த நாரைத் தடுக்காது.

ஜார்ஜ்டவுன்: போருக்கு முந்தைய கடைவீடு. கீழ்ச்சுவரில் சாயம் வருஷா வருஷம் தோல் மாதிரி உரியுது, வெள்ளையா உப்பு பூக்குது.

சிமெண்டுப் பூச்சும் அக்ரிலிக் சாயமும் போட்டிருப்பீர்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பு சாயத்துக்குப் பின்னால் படிந்து அதைத் தள்ளுகிறது. ஈரக்கறை நிற்கும் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் மேல்வரை சிமெண்டைக் கொத்தி எடுங்கள். நனைத்துக் கொத்துங்கள், காய்ந்தபடி வேண்டாம். நீர்த்த சுண்ணாம்புக் குழம்பு 1 பங்கு, கூர்மணல் 3 பங்கு. ஒரு கோட் 10 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஈரச் சாக்கு தொங்கவிட்டு மெதுவாக இறுகவிடுங்கள். மேலே பால் பதத்தில் வெள்ளையடிப்பு நான்கைந்து கோட், ஒவ்வொன்றுக்கும் முன் சுவரை நனைத்து, ஒருநாள் இடைவெளியில்.

ஆயர் ஈத்தாம், கன்ட்ராக்டர்: சார், யார் இப்ப சுண்ணாம்பு அடிக்கிறாங்க? சுவரை அடைக்கிற சீலர் ரெண்டு கோட் அடிச்சா அஞ்சு வருஷத்துக்குக் கவலை இல்ல.

சீலர் அடித்த இடத்தில் உரியாது, சரிதான். ஈரம் எங்கே போகும்? சீலர் முடியும் இடத்துக்கு மேலே ஏறும், அல்லது பக்கத்து வீட்டுச் சுவருக்குப் போகும். காய்ந்த மாடிச் சுவருக்கு அக்ரிலிக் தாராளமாக அடியுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. கீழ்ச்சுவருக்கு வேண்டாம்.

ஆயர் ஈத்தாம், கன்ட்ராக்டர்: கஸ்டமர் கை வச்சா சுண்ணாம்பு ஒட்டுதே, அதுக்கு யார் பதில் சொல்றது?

மெல்லிய கோட்டாக, ஈரச்சுவரில் அடித்தால் அவ்வளவு ஒட்டாது. கெட்டியாக ஒரே கோட் இழுத்தால் மாவாக உதிரும். குறை சுண்ணாம்பில் இல்லை, அடித்த விதத்தில்.

பிறை: சுண்ணாம்பு இயற்கைப் பொருள்தானே, கையாலயே கலக்கலாம்.

இதைத்தான் பயந்தேன். ஆஸ்பெஸ்டாஸும் இயற்கைதான், மண்ணைத் தோண்டித்தான் எடுக்கிறார்கள். சுண்ணாம்பு கடுமையான காரம். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி, ரப்பர் கையுறை கட்டாயம். பட்டுவிட்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே மருத்துவமனை. நீற்றாத கல்லை வீட்டுக்கே கொண்டுவராதீர்கள், நீர்த்த குழம்பாக வாங்குங்கள்.

பாயான் லெப்பாஸ்: அப்படின்னா மரக்கதவுக்கு ஆளிவிதை எண்ணெய்?

நல்லது. ஆனால் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். விரித்துக் காயவையுங்கள், இல்லையேல் தண்ணீரில் ஊறவையுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்: பேபி ரூமுக்கு எந்தச் சாயம் அண்ணே?

முதல் பதில்.

செத்தாப்பாக்: சின்னப் பிள்ளை அறைக்கு நச்சில்லாத சாயம் எது?

முதல் பதில். மணல்தாள் பற்றிய வரியையும் சேர்த்துப் படியுங்கள்.